லயத்துக் கூரையில் கிடைத்த ரிவால்வர்: மலேசியாவில் துப்பாக்கி வாங்க, வைத்திருக்க, சுட என்ன சட்டம்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐ.சி. என்கிற அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சொக்சோ என்கிற தொழிலாளர் பாதுகாப்புத் திட்டம் என்று ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். போன வருஷம் ஒருநாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது, பழக்கமான பையன் ஒருவன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய மாமா தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீட்டின் கூரையைப் பிரித்திருக்கிறார். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாக்குப் பொட்டலம் இருந்திருக்கிறது. அதற்குள் மெழுகுத் துணி, துணிக்குள் ஒரு கனத்த ரிவால்வர். கைப்பிடியின் அடியில் கயிறு மாட்டும் இரும்பு வளையம். குழல் முழுக்கத் துரு. பக்கத்தில் நான்கு தோட்டா, பித்தளையில் பச்சை பூத்துக் கிடந்தது.

படத்துக்குக் கீழே ஒரே வரி: "அண்ணே, இது என்னா விலைக்குப் போகும்? யூடியூப்ல இந்த மாதிரி பழசுக்கெல்லாம் நல்ல காசுன்னு சொல்றாங்க."

நான் உடனே அழைத்து, "தம்பி, அத தொடாத. படத்த வேற யாருக்கும் அனுப்பாத. மாமாகிட்ட போன குடு" என்றேன். அவனுக்கும் மாமாவுக்கும் அன்று சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் ஊர் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இப்படி ஒன்று கிடைப்பது நடக்கக்கூடிய காரியம். கிடைத்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருஷம் மாறிப் போகலாம்.

இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட பொருள் ஏன் இருக்கிறது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்தக் காலத்தில் துரைமார் பலர் இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் தோட்டத்துக்குள் போகமாட்டார்கள். தோட்டங்களில் ஆயுதம் ஏந்திய காவலர்கள் இருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளிடமும் ஆயுதம் இருந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு அன்றைய அவசரகாலச் சட்டத்தில் தூக்குத் தண்டனை. கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் பயந்து, வைத்திருக்கவும் பயந்து, ஒளித்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமலே போனவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பயம் நமக்குப் புரியும். ஆனால் பொட்டலம் இன்று நம் கையில் இருக்கிறது.

படத்தில் இருந்தது பிரிட்டிஷ் பட்டாளத்து வெப்லி போல இருந்தது. அந்த வெப்லி ரிவால்வர்கள் 1887 முதல் பட்டாளத்தில் இருந்தவை. அவற்றில் பெயர் பெற்ற ஆறாம் மாடல் 1915இல் வந்தது. நடுவில் ஒடித்துத் திறந்தால் ஆறு தோட்டாக்களும் ஒரே நேரத்தில் வெளியே வரும். குண்டின் அளவு .455, அதாவது அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எடை ஒரு கிலோவுக்கு மேல். வெளிநாட்டில் சேகரிப்பாளர்கள் தேடுகிற சாமான்தான், பையன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவன் பார்த்த வீடியோ அமெரிக்காவில் எடுத்தது.

அங்கே சட்டமே வேறு. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பழம்பொருளாகத் தனியாகப் பிரிக்கிறது. 50 வருஷத்துக்கு மேற்பட்டவற்றை அபூர்வப் பொருளாகச் சேகரிப்பவர்களுக்கென்றே ஒரு லைசன்ஸ் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு 30 டாலர். 1950களில் வந்த .44 மேக்னம், 2003இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட .500 மேக்னம் போன்ற பெரிய குண்டு ரிவால்வர்களைக் கடையில் வாங்கி வார இறுதியில் சுட்டு மகிழ்கிறவர்கள் அங்கே ஏராளம். அந்த .500, நீளக் குழல் வைத்தது, இரண்டு கிலோ கனம். சுடும்போது இரண்டு கையையும் தூக்கி அடிக்கும். பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த வழக்கத்தையும் அந்த விலையையும் இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்த்தால் நேராகச் சிறைதான்.

இங்கே இருப்பது இரண்டு சட்டங்கள்

ஒன்று 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், மலாயில் அக்தா செஞ்சாத்தா. லைசன்ஸ் இல்லாமல் எந்த ஆயுதமும், எந்தத் தோட்டாவும் வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ, பயன்படுத்தவோ கூடாது என்பது அதன் அடிப்படை. மீறினால் 7 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும்.

தோட்டா என்பதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். "துப்பாக்கி இல்ல, குண்டு மட்டும்தான் இருக்கு, சாவிக்கொத்துல மாட்டிக்கலாமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வெடிக்காத தோட்டா ஒன்றே ஒன்று இருந்தாலும் இந்தச் சட்டம் பாயும்.

இரண்டாவது 1971ஆம் ஆண்டுச் சட்டம். சுடும் ஆயுதக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டவே வந்தது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 வருஷம் வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. இந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டால் ஜாமீன் கிடையாது. வழக்கு முடிகிற வரைக்கும் உள்ளேதான். இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஒருவரிடம் இருந்தால், அவர் கடத்தல் வியாபாரம் செய்கிறார் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பாகிவிடும்.

"இது துருப்பிடிச்சு உருளையே சுத்தலயே, இது எப்படி துப்பாக்கி ஆகும்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் துப்பாக்கி என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. குண்டு பாய்ச்சக்கூடியது மட்டும் துப்பாக்கி இல்லை. குண்டு பாய்ச்சும்படி மாற்றி அமைக்கக்கூடியதும் துப்பாக்கி. அதன் உறுப்பு ஒன்று தனியாக இருந்தாலும் துப்பாக்கி. குழலை மட்டும் எடுத்து அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், உருளையை மட்டும் இணையத்தில் விற்கலாம் என்கிற யோசனையெல்லாம் இந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகும். துரு ஏறியிருக்கிறது, தாத்தா காலத்தது என்பதை நாமே சொல்லி நாமே விலக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அது ஆயுதமா இல்லையா என்பதைப் பரிசோதித்துச் சொல்கிறவர்கள் போலீஸும் நிபுணர்களும்தான்.

ஆகவே கிடைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். துடைக்காதீர்கள். எண்ணெய் போட்டுத் திறந்து பார்க்காதீர்கள். அறுபது எழுபது வருஷத்துத் தோட்டா எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளை அந்த அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். பிறகு போலீஸை அழைத்து, என்ன கிடைத்தது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று சொல்லி அவர்களை வரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து நீங்களே பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போகாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும், வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால் உங்கள் கையில் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி இருக்கும், நீங்கள் சொல்லும் கதை மட்டும்தான் துணை. ஆற்றில் எறிவதும் தீர்வு இல்லை. படம் ஏற்கனவே நாலு வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றியிருக்கும்.

ஒருவேளை யாரையாவது பிடித்து உள்ளே வைத்துவிட்டால் பணம் இல்லையே என்று ஒடிந்து போக வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியம், மலாயில் வை.பி.ஜி.கே., கைதாகி தடுப்புக் காவலில் இருக்கும் கட்டத்திலேயே இலவச வழக்கறிஞர் உதவி தருகிறது. வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கெஞ்சாமல் கேளுங்கள். எங்கள் தோட்டங்களில் இதைக் கேட்கத் தெரியாமல் எதெதற்கோ கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முறைப்படி வாங்க முடியுமா?

முடியும், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் அனுமதி, பிறகுதான் துப்பாக்கி. விண்ணப்பம் மாவட்டப் போலீஸ் தலைமையகம் வழியாகப் போகும். லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருக்கு. எங்களுக்கு அது ஈப்போவில் இருக்கிறது. ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு என்று காரணம் இருக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் இருக்க வேண்டும். பழைய வழக்கு, நடத்தை எல்லாம் விசாரிப்பார்கள். காரணம் எழுதும் இடத்தில் "அழகாக இருக்கிறது, சேர்த்து வைக்க ஆசை" என்று போட்டு ஒரு சாதாரண ஆள் பெரிய குண்டு ரிவால்வருக்கு அனுமதி வாங்கி நான் பார்த்ததில்லை. கைத்துப்பாக்கி என்றாலே அதிகாரிகள் பலமுறை யோசிப்பார்கள். அது சரியென்றே எனக்குப் படுகிறது.

அனுமதி வந்த பிறகும் கண்டவரிடம் வாங்க முடியாது; சட்டப்படி விற்கக்கூடியவரிடம்தான் வாங்க வேண்டும். லைசன்ஸ் ஓர் ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். தம்பிக்கோ மச்சானுக்கோ இரவல் கொடுக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து தபாலில் உதிரிப் பாகம் வரவழைப்பதும் அனுமதி இல்லாமல் செய்தால் இதே குற்றம்.

தோட்டப்புறத்தில் உண்மையில் லைசன்ஸோடு இருப்பது ரிவால்வர் இல்லை. ஒடித்துத் திறக்கும் வேட்டைத் துப்பாக்கி, மலாயில் செனாப்பாங் பாத்தா. செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் கன்றைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது என்று நிலம் வைத்திருப்பவர்கள் எடுக்கிற லைசன்ஸ் அது. அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: துப்பாக்கி லைசன்ஸ் வேறு, வேட்டை லைசன்ஸ் வேறு. பன்றி வேட்டைக்குப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவின் அனுமதி தனியாக வேண்டும். தண்ணீர்க் குழாயில் வீட்டிலேயே செய்கிற பன்றித் துப்பாக்கியும் துப்பாக்கிதான். செய்வதே தனிக் குற்றம், அதற்குத் தண்டனை இன்னும் கடுமை.

லைசன்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி மகனுக்குத் தானாக வந்து சேராது. நிலம், வீடு மாதிரி பெயர் மாற்றும் சொத்து இல்லை அது. காரியம் முடியட்டும், பதினாறாம் நாள் கழியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். உடனே போலீஸுக்குத் தெரிவித்து ஒப்படையுங்கள். மகனுக்கு வேண்டுமென்றால் அவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கட்டும்.

சுட்டுப் பார்க்கவே ஆசை என்றால்

அந்த ஆசையில் தப்பே இல்லை. துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக் விளையாட்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சூர்யானி தாய்பி எட்டு மாதக் கர்ப்பிணியாக இலக்கைப் பார்த்துச் சுட்டார். போலீஸ் அனுமதி பெற்ற சுடுதளங்களும் கழகங்களும் இருக்கின்றன. அங்கே பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, எண்ணிக் கொடுத்த தோட்டாவை, அவர்கள் சொல்கிற திசையில் மட்டும் சுடலாம். போவதற்கு முன்பு ஐ.சி.யோடு நேரில் போய், அந்தத் தளத்துக்கு அனுமதி இருக்கிறதா, புதிதாக வருகிறவர் எந்த நிபந்தனையில் சுடலாம் என்று கேட்டுவிடுங்கள். ஆரம்பம் எப்போதும் சிறியதில்தான்: 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி, அல்லது .22. பெரிய குண்டில் தொடங்கியவன் சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிடுவான், குறி கடைசிவரை வராது. காற்றுத் துப்பாக்கிதானே என்று ஒன்றை வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். நம் சட்டத்தில் அதுவும் லைசன்ஸ் வேண்டிய ஆயுதம். நிஜம் போலவே இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் ஒரு வருஷம் வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

அந்த வீட்டுக்குப் போலீஸ் அன்று மதியமே வந்தார்கள். பொட்டலத்தைக் கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, தோட்டாவை எண்ணி, எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா இரண்டு முறை பாலாய்க்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். பையனும் ஒருமுறை போனான். இரண்டு நாள் சம்பளம் போனதுதான் அவர்களுக்கு நஷ்டம். போலீஸ் புகாரின் நகலை வீட்டுப் பத்திரம் இருக்கிற அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கச் சொன்னேன். என்றைக்காவது யாராவது வந்து கேட்டால், எந்தத் தேதியில் எதை ஒப்படைத்தார்கள் என்று காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கிறது.