ஹெக்சாடெசிமல் – பதினறும எண்முறை

பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறை ஹெக்சாடெசிமல். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் போதாமல், 10 முதல் 15 வரையான மதிப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளைக் கடன் வாங்கிக்கொள்கிறது. எட்டு பிட்டுகள் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) கொண்ட ஒரு பைட்டை இரண்டே குறிகளில் எழுதிவிடலாம். கணினித் துறையில் அதன் செல்வாக்குக்கு அதுவே காரணம்.

சொல் கலப்புப் பிறவி. ஆறு என்னும் 'ஹெக்சா' கிரேக்கம்; 'டெசிமல்' லத்தீன். முழுக்க லத்தீனாக இருந்தால் 'செக்சாடெசிமல்' என்று வரும். 1950களின் பெண்டிக்ஸ் ஜி-15 கணினியில் அந்தப் பெயர்தான்; எழுத்துகளும் யு முதல் இசட் வரை. 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 அறிமுகமான பிறகு இன்றைய பெயரும் ஏ–எஃப் வரிசையும் வேரூன்றிவிட்டன.

இரும, எண்ம, பதின்ம என்ற வரிசையில் தமிழில் இது 'பதினறும' எண்முறை. நல்ல சொல்தான். ஆனால் 'பதின்ம' என்பதோடு கண்ணுக்கு மிக நெருங்கி நிற்கிறது. மெயின்பிரேம் என்னும் பெருங்கணினிகளின் அசெம்பிளரிலும் (நிரல் வரிகளை இயந்திரக் குறியீடாக மாற்றும் மென்பொருள்) சிக்கல் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

அங்கே எக்ஸ்'80' என்றால் பதினறுமம். வெறும் 80 என்றால் பதின்மம். ஒரு பைட்டின் தலைமை பிட்டை, அதாவது இடது கோடியில் இருப்பதை, ஏற்ற (1 ஆக்க) ஓ.ஐ. கட்டளையில் எக்ஸ்'80' என்று எழுத வேண்டும். எக்ஸும் மேற்கோளும் விடுபட்டால், பதின்ம 80 என்பது பதினறுமத்தில் 50. தலைமை பிட் அப்படியே கிடக்கும். தொடர்பில்லாத வேறு இரண்டு பிட்டுகள் ஏறிவிடும். அசெம்பிளர் முணுமுணுக்கக்கூட இல்லை. ஏ0 என்று எழுதியிருந்தால் அதைப் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி எதுவும் வரையறுக்கப்படவில்லை என்று கத்தியிருக்கும். எழுத்தில்லாத எண்கள்தான் தப்பிவிடுகின்றன. இன்னொரு கொடுமை: சோதிக்கும் டி.எம். கட்டளையிலும் அதே கை 80 என்றே எழுதியிருந்தால், நிரல் சரியாகவே ஓடும். வேறொருவர் எக்ஸ்'80' என்று சோதிக்கும் நாள்வரை. அசெம்பிளர் தரும் பட்டியலில் 9680 (96 என்பது ஓ.ஐ.யின் குறியீடு) இருக்க வேண்டிய இடத்தில் 9650 இருப்பதைப் பார்த்தால்தான் உண்டு.

முகவரியிலும் இதே கதை. ஐபிஎம் மெயின்பிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில், சி.வி.டி. என்னும் அடிப்படைக் கட்டுப்பாட்டு அட்டவணையின் முகவரி இருக்கும் இடம் பதினறும 10. நிரலில் 16 அல்லது எக்ஸ்'10' என்று எழுத வேண்டும். கையேட்டைப் பார்த்து 10 என்றே எழுதினால், நினைவகத்திலிருந்து எடுத்துவரும் 'எல்' கட்டளை அங்கிருந்தும் நான்கு பைட்டுகளை மறுப்பின்றி அள்ளிக் கொடுக்கும். பிட்டுகளுக்கு ஈக்யூ என்னும் பெயரிடும் கட்டளை வழியே ஒருமுறை பெயர் வைத்துவிட்டு, பிறகு பெயரையே எழுதுவது நல்லது; அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை பார்த்தால் போதும்.