மொய் மேசையும் நூறு பேர் சண்டையும்

பொங்கல் லீவுக்குக் காரைக்குடி வந்த அக்கா மகன், வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் உட்கார்ந்து போனில் ஆன்லைன் விளையாட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று ஒரு கத்தல்: "அம்மான், நான் விலகிட்டேன், ஆனாலும் அடி விழுந்திருச்சு! லேக்!"

லேக் என்றால் தாமதம். அதில் பாதிக் குற்றம் வீட்டுச் சுவருடையது. வெயிலுக்கு அஞ்சிக் கட்டிய தடித்த சுண்ணாம்புச் சுவர் வைஃபையையும் விடாது. வீட்டு வாசல் பக்க முகப்பில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் நடுவில் உள்ள வளவைத் தாண்டுவதற்குள் மெலிந்துவிடும். மீதிக் குற்றம் தூரத்துடையது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். விளையாட்டை நடத்தும் கணினியான சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் இங்கிருந்து ஏறத்தாழ 2,900 கி.மீ.; நேர்கோட்டில் போய்த் திரும்பவே 29 மில்லிநொடி. கேபிள் எங்கே நேர்கோட்டில் போகிறது?

ஆக, திரையில் தெரிபவன் சற்று முந்தைய எதிரி. இதைச் சமாளிக்கும் தந்திரம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் செட்டியார்களின் ரங்கூன் வட்டிக்கடையில் இருந்த ஏஜென்ட், ஒவ்வொரு கடனுக்கும் முதலாளியின் கடிதம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வியாபாரம் நடந்திருக்குமா? தன் கணிப்பில் கொடுத்துவிட்டுக் கணக்கை ஊருக்கு அனுப்பினார். போனும் அப்படித்தான். பட்டனை அழுத்தியதும் சர்வரைக் கேட்காமலே உங்களை நகர்த்திக் காட்டிவிடும். சர்வரின் கணக்கு வேறாக வந்தால் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்கும். பையன் விலகியது அவன் போனில் மட்டும்தான். சர்வருக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதற்குள் அடி விழுந்தாயிற்று.

சரி, இது வழித் தாமதம். நூறு பேர் மோதும்போது சர்வரே திணறுவது வேறு வியாதி.

கல்யாண வீட்டு மொய் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதுபவர் ஒருவர். பந்தி முடிந்து மொத்தக் கூட்டமும் வந்து நின்றால் வரிசை நகராது. அதிலும் ஒருத்தர், வராத பத்துப் பேரின் மொய்யையும் கொண்டுவந்து ஊர், பெயர், இனிஷியல் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கியர் எஃபெக்ட், அதாவது மாட்டியிருக்கும் பொருள் தானாகக் கிளப்பும் விளைவு, அந்த ஆள்தான். 'அடி வாங்கினால் 20 சதவீத வாய்ப்பில் சுற்றி நிற்பவர்களுக்குத் தீக்காயம்' என்று கவசத்தில் ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் சர்வர் பகடை உருட்ட வேண்டும், பக்கத்தில் யார் யார் என்று தேட வேண்டும். அந்தத் தீ அவர்களுடைய கவசங்களையும் உசுப்பிவிடும். அப்புறம், ஒவ்வொருவர் செய்வதையும் மற்ற 99 பேருக்கும் சொல்ல 9,900 சேதிகள். 200 பேர் என்றால் 39,800. ஆள் இரண்டு மடங்கானால் வேலை நாலு மடங்கு. நொடிக்கு 30 முறை கணக்கை முடிக்கும் சர்வருக்கு ஒரு தடவைக்கு 33 மில்லிநொடிதான் அவகாசம். அது போதாமல் போனால் எல்லாருக்கும் லேக்.

எல்லாருக்கும்தானே, அதில் என்ன அநியாயம்? இருக்கிறது. விலகுவதும், சரியான நொடியில் ஹீல் போட்டு உயிரை ஏற்றுவதும் உங்கள் விரலில் இருந்து சர்வர்வரை போய்ச் சேர வேண்டும். கவசத்தின் எஃபெக்டோ சர்வருக்குள்ளேயே நடந்து முடிகிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் 100 ஆர்மர் (கவச மதிப்பு) இருந்தால் உடல் தாக்குதலின் டேமேஜில் பாதிதான் இறங்கும். 200க்கு மூன்றில் ஒரு பங்கு, 300க்குக் கால் பங்கு. இந்தக் கணக்குக்குப் பிங் (சேதி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) ஒரு பொருட்டே இல்லை. லேக் ஏற ஏறக் கைவேகம் மதிப்பிழக்கும், மாட்டியிருக்கும் பொருளுக்கு மதிப்பு கூடும். பத்துப் பேர் சண்டையில் அளந்து வைத்த சமநிலை நூறு பேர் சண்டையில் குலைவது இப்படித்தான்.

ஒரு எஃபெக்ட் கிளம்பியபின் சில நொடி மறுபடி கிளம்பாதபடி பூட்டுவது வழக்கமான வைத்தியம். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டின் வைத்தியம் எனக்கு இன்னும் பிடிக்கும்: சர்வர் திணறினால் விளையாட்டின் காலத்தையே பத்தில் ஒரு பங்குவரை மெதுவாக்கிவிடுவார்கள். 2014 ஜனவரியில் அங்கே நடந்த ஒரு போர் சுமார் 21 மணி நேரம் ஓடியது.

சாயங்காலம் பையன் முகப்புக்கு இடம் மாறினான். பிங் இறங்கியது. ராத்திரி நூறு பேர் சண்டைக்குக் கிளம்புமுன், வேகச் செருப்பைக் கழற்றிவிட்டு முள் கவசத்தை மாட்டிக்கொண்டான்.