செயற்கைக் காலோடு மலையேறும் முன்

மூணாறு பகுதியில் செயற்கைக் கால் அளவெடுத்துப் பொருத்தும் எனக்கு, சென்ற மாதம் வந்த ஒருவரைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளியான அவர், சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்; கால் பொருத்தி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அருணிமா சின்ஹா செயற்கைக் காலோடு எவரெஸ்ட் ஏறிய காணொளியை மகன் காட்ட, மறுநாளே தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு மேலுள்ள சரிவில் ஏறி இறங்கத் தொடங்கியிருக்கிறார். பத்து நாள் கழித்து, வெட்டப்பட்ட காலின்மேல் அணியும் உறையைக் கழற்றியபோது, எலும்பு முனையில் நாணய அளவுக்குப் புண். "மனசு விட்டுடக் கூடாதுன்னுதான் சார் யார்கிட்டயும் சொல்லல" என்றார். இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர்.

மனவுறுதி இருந்தால் போதும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களோ! அருணிமா 2011 ஏப்ரலில் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு இடது காலை இழந்தார். 2013 மே மாதம் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். இடையில், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலிடம் அவர் பெற்ற முறையான பயிற்சியைக் காணொளி இரண்டு நொடியில் கடந்துவிடுகிறது. அவர் வேகமாக ஏறியவர், மற்றவர்களைப் பாருங்கள். நியூசிலாந்தின் மார்க் இங்கிலிஸ் 1982-இல் பனிக்குகையில் சிக்கி இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். எவரெஸ்ட் ஏறியது 2006-இல். சீனாவின் சியா போயூ 1975-இல் பனிக்கடியால் பாதங்களை இழந்து, 2018-இல்தான் உச்சியை அடைந்தார். எண்ணிப் பாருங்கள்: 24 ஆண்டு, 43 ஆண்டு. நம்மவருக்கோ ஐந்து மாதம்.

இங்கிலிஸ் ஏறும்போது சுமார் 6,400 மீட்டர் உயரத்தில் அவருடைய செயற்கைக் கால் உடைந்தது. ஒட்டுநாடா சுற்றிச் சமாளித்தார். மாற்று உதிரிபாகம் அடிவார முகாமிலிருந்து வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் என் தொழில் புத்தி அந்த உதிரிபாகத்திடமே போய் நிற்கிறது. நம்மூரில் திருகாணி ஒன்று தளர்ந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு வாரம் நடக்கிறார்கள்.

உள்ளங்கால் தோல் உடல் எடையைத் தாங்கும். வெட்டப்பட்ட காலின் முனைத் தோல் அதற்காக அமைந்ததன்று. அறுவைக்குப் பின் வரும் முதல் மாதங்களில் அந்தக் கால் வீக்கம் வடிந்து சுருங்கிக்கொண்டே போகும்; முதலில் கச்சிதமாக இருந்த சாக்கெட் (வெட்டப்பட்ட காலைச் செருகும் கிண்ணம்) பின்னர் தளர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழுமாக உரசும். சரிவில், அதுவும் இறங்கும்போது, அந்த உரசல் இன்னும் கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு உணர்ச்சி மங்கியிருப்பதால் வலி எச்சரிக்காது. வலிக்கவில்லை என்பதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்வதுதான் என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது.

ஆகவே தினமும் மாலையில் செயற்கைக் காலைக் கழற்றி, வெட்டப்பட்ட காலின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையவில்லையென்றால் அன்றோடு நடையை நிறுத்திவிட்டு வாருங்கள். தளர்ந்தால் உறையின் அடுக்கைக் கூட்டுங்கள். பஞ்சை அடைக்காதீர்கள், தயவுசெய்து. ஈர உறையோடு நடக்காதீர்கள். சரிவில் ஏறத் தொடங்கும் முன் கால் பொருத்தியவரிடம் ஒரு சொல் கேளுங்கள். ஏறக்கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை, எப்போது என்றுதான் சொல்வேன். ஜூன் மழை தொடங்குவதற்குள் சாக்கெட்டை ஒருமுறை கொண்டுவந்து காட்டிவிட்டுப் போங்கள்.