கிறிஸ்துமஸ் ஆல்பத்தைத் திறக்கும் முன்

குடும்பம் கூடும் நாளில்தான் பழைய ஆல்பம் வெளியே வரும். படங்கள் பாழாவதும் பெரும்பாலும் அன்றுதான். 1970, 80களில் பரவலாக விற்ற ஒட்டும் ஆல்பங்களில் பசை நாளாக நாளாக இறுகிவிடும். "நகல் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் படம் வளைந்து மேற்பரப்பு வெடிக்கும். அந்தக் கோடு பிறகு போகாது.

உண்மையில் படத்தைக் கழற்றவே தேவையில்லை. மேலுள்ள பிளாஸ்டிக் தாளை மெதுவாக விலக்கி, பக்கத்தை அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வைக்கலாம். கழற்றியே ஆகவேண்டுமென்றால், மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸை ஒரு மூலையில் நுழைத்து, முன்னும் பின்னும் இழுத்துப் பசையை மட்டும் அறுங்கள். படம் வளையக் கூடாது. தண்ணீரும் ஹேர் டிரையரும் வேண்டாம். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலவே முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். 3600×2400 பிக்சல் கிடைக்கும். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்தால் சுமார் 26 எம்பி. பகிர்வதற்கு மட்டும் அளவு குறைந்த ஜேபெக் (JPEG). தானியங்கி நிறத்திருத்தத்தை அணைத்துவிடுங்கள். அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட் பலவற்றில் சயான் என்னும் நீலப்பச்சைச் சாயம் ஆல்பத்தின் இருட்டுக்குள்ளேயே மங்கிவிடுவதால் முகங்கள் சிவந்து கிடக்கும். மென்பொருள் அதைச் சரிசெய்யப் போய், கிறிஸ்துமஸ் மரத்து விளக்குகளின் மஞ்சளையும் சேர்த்து வெளுக்கவைத்துவிடும். திருத்தமெல்லாம் பிரதியில்தான். பிரிண்ட் போடப் பயன்பட்ட ஃபிலிம், அதாவது நெகட்டிவ், கிடைத்தால் அதையும் ஸ்கேன் செய்யாமல் விடாதீர்கள். பிரிண்ட்டில் காணாத நுணுக்கம் அதில் இருக்கும்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அங்கே அச்சாகியிருக்கும் தேதி பெரும்பாலும் பிரிண்ட் போட்ட தேதி, எடுத்த தேதி அல்ல. பிப்ரவரி 1985 என்றிருந்தால் அது 1984 கிறிஸ்துமஸாக இருக்கலாம். மடியில் இருக்கும் குழந்தையின் பிறந்த ஆண்டோடு ஒப்பிட்டால் தெளிவாகிவிடும்.

மிகவும் வருத்துவது பெயரில்லாப் படங்கள்தான். மங்கிய நிறத்தை ஓரளவு மீட்கலாம். சொல்ல ஆளில்லாமல் போன பெயரை மீட்க வழியே இல்லை. வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே, பின்வரிசையில் தொடங்கி இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லி, அவர் பேச்சை ஃபோனில் பதிவுசெய்யுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். தனித்தாளில் எழுதி, கோப்பின் பெயரிலும் ஆண்டைச் சேர்த்துவிடுங்கள். யாரென்று தெரியாத முகம் இருந்தால், அவர் பக்கத்தில் நிற்பவரின் வீட்டாருக்குப் படத்தை அனுப்பி அந்த வாரமே கேட்டுவிடுங்கள்.