மாடல் காரின் கூரையில் ஒரு சுருக்கம்

மூன்று வாரம் பார்த்துப் பார்த்து ஒட்டிய 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார். சிவப்பு எனாமல் பெயின்ட் அடித்து ஒரு நாள் காயவிட்டு, பளபளப்புக்காக மேலே நிறமில்லாத லேக்கர் பூச்சு, அதாவது கிளியர் கோட் அடித்தேன். முதல் அரை நிமிடம் கண்ணாடி மாதிரி மின்னியது. அப்புறம் கூரையின் நடுவே பாலாடை போலச் சுருக்கம் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பானெட் வரை பரவியது. தடவிவிட்டால் சரியாகுமோ என்று விரலை வைத்தேன். அது இரண்டாவது தப்பு.

முதல் தப்பு எங்கே நடந்தது? பெயின்ட் ‘காய்கிறது’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. லேக்கரில் நடப்பது வெறும் ஆவியாதல். பெயின்ட்டை இளக்கி வைத்திருக்கும் திரவமான தின்னர் பறந்துபோகிறது, கரைந்திருந்த பிசின் படலமாகத் தங்குகிறது. அதே தின்னரை எப்போது திரும்ப ஊற்றினாலும் அது மறுபடி கரையும். எனாமல் அப்படி இல்லை. தின்னர் பறந்த பிறகுதான் அங்கே வேலையே ஆரம்பிக்கிறது. அதிலுள்ள எண்ணெய் கலந்த பிசின், காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மூலக்கூறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து வலை பின்னுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்துவிடும். வலை முழுதாக முடிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும்.

பாதி பின்னிய வலைக்குள் லேக்கரின் காரமான தின்னர் புகுந்தால் என்ன ஆகும்? கரைந்து ஓடும் அளவுக்கு அந்த வலை தளர்வாக இல்லை. தாக்குப்பிடிக்கும் அளவுக்கு இறுகவும் இல்லை. ஆகவே தின்னரைக் குடித்து ஊதுகிறது. ஆனால் அடிப்பக்கம் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் விரிய இடமில்லை. விரித்த பாயை இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் நடுவில் புடைத்து எழும்புமே, அதேதான். அடியில் லேக்கர், மேலே எனாமல் என்றால் பெரும்பாலும் தொல்லை வராது; எனாமலின் தின்னர் மென்மையானது. தலைகீழாகப் போனால் என் கூரையின் கதிதான்.

சுருக்கம் மட்டும்தான் எதிரி என்றில்லை. ஆரஞ்சுத் தோல் போலப் பொடிப் பொடியாக மேடு பள்ளம் விழுவது எல்லோருக்கும் நடக்கிறது. ஸ்ப்ரேயிலிருந்து வரும் துளிகள் பரப்பில் விழுந்து, ஒன்றோடொன்று கலந்து, பரப்பு இழுவிசையால் சமமாகப் படர வேண்டும். அதற்கு அவகாசம் தேவை. கேனைத் தூரமாகப் பிடித்தாலோ, அறை சூடாக இருந்தாலோ துளிகள் வழியிலேயே கெட்டியாகிவிடும். படர நேரமில்லாமல் விழுந்த வடிவிலேயே உறைந்துவிடும். நிஜக் காரிலும் ஆரஞ்சுத் தோல் உண்டு, உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் அளவு நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1/24 மாடலில் 0.1 மில்லிமீட்டர் மேடு என்பது நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டருக்குச் சமம்.

ஈரமான நாளில் லேக்கர் அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆவதும் இதே குடும்பத்துத் தொல்லைதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாக அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. நல்ல செய்தி, இதற்கு உப்புத்தாளே வேண்டாம். ஈரம் குறைந்த நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லிய சாரலாக மேலே அடித்தால் போதும். லேக்கர் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேற வழி விடும். இடையிடையே வட்டக் குழிகள் விழுந்திருந்தால் அது வேறு கதை: விரல் எண்ணெயோ, அச்சிலிருந்து எடுக்கப் பூசும் வழவழப்போ அங்கே ஒட்டியிருந்தது. எண்ணெய் இருக்கும் இடத்தில் இழுவிசை குறைவு, சுற்றிலும் அதிகம். ஆகவே பெயின்ட் அங்கிருந்து விலகி ஓடுகிறது. அதன் மேல் இன்னொரு கோட் அடிப்பது பிரயோஜனமில்லை. முதலிலேயே சோப்புத் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோல், தூசி, லேசான வழிசல் என்றால் தேய்த்தே மீட்டுவிடலாம். 2000 எண் உப்புத்தாளில் உள்ள துகள்கள் சுமார் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அவை உண்டாக்கும் கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. அதனால் ஒளி நாலா பக்கமும் சிதறி, பரப்பு மங்கித் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து கையை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. பயப்பட ஒன்றுமில்லை. இன்னும் நுண்ணிய தாள்கள், கடைசியில் பாலிஷ் என்று போகப் போகக் கீறல்கள் சிறுத்து, ஒளியின் அலைநீளமான 0.4 முதல் 0.7 மைக்ரானுக்கும் கீழே இறங்கும்போது சிதறல் அடங்கிப் பளபளப்பு திரும்புகிறது. தேய்க்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். அது சூட்டைக் குறைக்கும், தேய்ந்த தூளையும் கழுவிக்கொண்டு போகும். விளிம்புகளை மட்டும் விட்டுவிடுங்கள். ஈரப் பெயின்ட்டை இழுவிசை கூர்மையான விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுப்பதால் அங்கே படலம் எப்போதும் மெலிந்திருக்கும்; நான்கு தேய்ப்பில் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். மெட்டாலிக் நிறம் என்றால் நிறத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள அலுமினியச் செதில்கள் கிழிந்து திட்டுத் திட்டாகிவிடும். கிளியர் கோட்டை மட்டும் தேய்க்கலாம்.

என் கூரை தேய்ப்பைத் தாண்டியது. முழுசாக உரிக்க வேண்டியதாயிற்று. இங்கே சிக்கல், பெயின்ட்டைக் கரைப்பது மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கக்கூடாது. அசிட்டோனும் லேக்கர் தின்னரும் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் பாலிஸ்டைரீனைப் பெரும்பாலும் சும்மா விடும். அக்ரிலிக் வகைப் பெயின்ட்டை மட்டும் ஊறவைத்துக் கிளப்பும். எனாமலின் வலையோ ஆல்கஹாலுக்கு மசியாது. அதை அறுக்கக் காஸ்டிக் சோடா. எண்ணெயோடு காஸ்டிக் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் அல்லவா? எனாமல் பிசினிலும் எண்ணெயின் அதே பிணைப்புகள் இருப்பதால், காஸ்டிக் அவற்றை வெட்டிப் படலத்தைத் தொளதொளவென்று ஆக்குகிறது. பாலிஸ்டைரீனில் அப்படிப்பட்ட பிணைப்பே இல்லை என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நம் தோலிலும் கொழுப்பு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் காஸ்டிக் பக்கம் போகாதீர்கள். குரோம் மாதிரி மின்னும் பாகங்களைத் தனியே கழற்றி வையுங்கள், அது மெல்லிய அலுமினியப் பூச்சு, நிமிடங்களில் காணாமல் போகும். துத்தநாகக் கலவையில் வார்த்த உலோகக் கார்களுக்கும் காஸ்டிக் ஆகாது, துத்தநாகத்தையே அரிக்கும்.

ஓர் இரவு ஊறிய பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். சிவப்பு தோல் தோலாக உரிந்தது. கதவு இடுக்குகளில் மட்டும் பிடிவாதமாக நின்றதைப் பல்குத்தும் குச்சியால் கிளறி எடுத்தேன்.

மறுபடி எனாமலே அடித்தேன். இந்த முறை நாள் கணக்கைப் பார்க்கவில்லை. பாடியை ஒரு மூடிய டப்பாவில் போட்டு, மறுநாள் திறந்து லேசாக முகர்ந்தேன். தின்னர் வாசனை வந்தது. மூடி வைத்துவிட்டேன். நான்காம் நாளும் வந்தது. பன்னிரண்டாம் நாள் வாசனையே இல்லை. அன்றுகூடக் கிளியர் கோட்டை நேராகக் காரில் அடிக்காமல், காரோடு சேர்த்தே அதே சிவப்பு அடித்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் முதலில் அடித்துப் பார்த்தேன். ஸ்பூன் சுருங்கவில்லை.