'கன்ஸ்ட்ரக்டர்' என்றொரு தள்ளுபடிக் கூப்பன்

பிறர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. ஓர் ஆப்ஜெக்டில் (பெயரும் மதிப்புமாகத் தகவல்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில்) குறிப்பிட்ட ப்ராப்பர்ட்டி, அதாவது அப்படியொரு பெயரும் அதன் மதிப்பும், இருக்கிறதா என்று பார்க்கும் வரிகளில்தான் என் கண் முதலில் நிற்கும். பலர் அதன் மதிப்பை அப்படியே 'இஃப்' நிபந்தனைக்குள் போட்டுவிடுகிறார்கள். கையிருப்பு 0 ஆக இருந்தாலும், முகவரி வெற்றுச் சரமாக இருந்தாலும் நிரல் அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். தீர்ந்துபோன சரக்குக்கு "விவரம் கிடைக்கவில்லை" என்று திரையில் வருவது இப்படித்தான்.

இது தெரிந்தவர்கள், மதிப்பைப் பார்க்காமல் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் 'இன்' ஆபரேட்டருக்கு மாறுகிறார்கள். அங்கே வேறு வம்பு. கூப்பன்களையும் தள்ளுபடித் தொகைகளையும் சாதாரண ஆப்ஜெக்டில் வைத்து, பயனர் தட்டிய சொல் அதில் உண்டா என்று 'இன்' கொண்டு பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'கன்ஸ்ட்ரக்டர்' என்று தட்டினால், உண்டு என்று பதில் வரும்! நாம் அப்படி எதையும் வைக்கவில்லை. ஆனால் 'இன்', ஓர் ஆப்ஜெக்ட் தன் பொதுப் பண்புகளை மரபாகப் பெறும் புரோட்டோடைப் சங்கிலி முழுவதும் ஏறித் தேடுகிறது. அங்கே அந்தப் பெயரில் அகப்படுவது எண் அல்ல, ஒரு ஃபங்ஷன் (அழைத்தால் இயங்கும் நிரல் துண்டு). விலையிலிருந்து அதைக் கழித்தால் பில்லில் 'நேன்' ('எண் அல்ல') என்று விழும். கூப்பனைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும் தளங்கள் தப்பிப்பது அதிர்ஷ்டத்தால்தான்.

ஆப்ஜெக்டுக்கே சொந்தமானதா என்று பார்க்க 'ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி' வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஜேசனில் (தகவலை உரையாக அனுப்பும் வடிவத்தில்) அதே பெயரில் ஒரு கீ, அதாவது ப்ராப்பர்ட்டிப் பெயர், இருந்தால், மெத்தட் (ஆப்ஜெக்ட் வழியாக அழைக்கும் ஃபங்ஷன்) இருக்கவேண்டிய இடத்தில் எண்ணோ சரமோ உட்கார்ந்திருக்கும். அழைத்த மாத்திரத்தில் 'டைப்எரர்' என்ற பிழை வரும். 'நல்' ('ஒன்றுமில்லை' என்ற மதிப்பு) கொடுத்து 'ஆப்ஜெக்ட்.கிரியேட்' மூலம் உருவாக்கிய ஆப்ஜெக்டில் அந்த மெத்தடே கிடையாது. ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின் 2022 பதிப்பில் வந்த 'ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்' இந்த இரண்டுக்கும் மருந்து. பயனர் தரும் பெயர்களே கீ ஆகுமென்றால் ஆப்ஜெக்டை விட்டு, கீ-மதிப்புகளுக்கென்றே உள்ள 'மேப்' எடுப்பதே மேல் என்பேன்.

இவ்வளவு செய்தும் ஒரு கேள்வி மிஞ்சும். மதிப்பு 'அன்டிஃபைன்டு' (மதிப்பு தரப்படாதது) என்றாலும் 'ஹேஸ்ஓன்' ஆம் என்றுதான் சொல்லும், ஆனால் ஆப்ஜெக்டை ஜேசன் உரையாக்கும் 'ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை' அந்தக் கீயையே உதிர்த்துவிடும். அனுப்பும் பக்கம் இருந்தது, பெறும் பக்கம் இருக்காது. சுயவிவரத்தில் மாறியதை மட்டும் சர்வருக்கு அனுப்பித் திருத்தும் 'பேட்ச்' கோரிக்கையில் இது வினையாகும். தொலைபேசி எண்ணுக்கான கீ வரவில்லை என்றால் பழைய எண்ணைத் தொடாதே என்றும், 'நல்' என்று வந்தால் அழித்துவிடு என்றும் பொருள் கொள்வது வழக்கம். இவ்விரண்டையும் ஒரே 'இஃப்'பில் கையாளும் நிரல் வந்தால், எண்ணை அழிக்க நினைப்பவர் எதை அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.