ஊரை விட்டு போயும் ஊர் ஏன் மனசை விட்டு போகல: டைன்ஹாம் ஞாபகங்களுக்கு பின்னாடி இருக்குற மூளை அறிவியல்

இங்கிலாந்தோட தென்கரையில, டோர்செட்ல, டைன்ஹாம்னு ஒரு சின்ன ஊர் இருந்துச்சு. 1943 டிசம்பர்ல, கிறிஸ்துமஸுக்கு சில நாள் இருக்கும்போது, அந்த ஊர்லயும் சுத்துப்பட்டு பண்ணைகள்லயும் இருந்த சுமார் 225 பேரையும் காலி பண்ண வச்சுட்டாங்க, ராணுவத்துக்கு டாங்கி பயிற்சிக்கு இடம் வேணும்னு. சண்டை முடிஞ்சா திரும்பி வந்துடலாம்னு நம்பித்தான் எல்லாரும் கிளம்புனாங்க, வீடுகளையும் சர்ச் கட்டடத்தையும் பத்திரமா பாத்துக்கோங்க, ஒரு நாள் வருவோம்னு சர்ச் கதவுல எழுதி ஒட்டிட்டே போனாங்க. 1948ல அரசாங்கம் நிலத்தை கட்டாயமா எடுத்துக்கிச்சு, அதோட யாருமே திரும்ப குடியேறல. இப்பவும் அது ராணுவ நிலம்தான், பெரும்பாலும் வார இறுதிகள்ல மக்களை உள்ள விடுறாங்க, கூரை இல்லாத வீட்டு சுவர்களுக்கு நடுவுல நடந்து பாக்கலாம்.

அங்க சின்ன வயசுல இருந்தவங்க எழுபது எண்பது வயசுலயும் அந்த ஊரை தெருத்தெருவா சொன்னாங்க. போன வாரம் நடந்தது மறந்து போற வயசுல இது மட்டும் எப்படி நிக்குது? பாசம்னு ஒரே வார்த்தையில முடிச்சுடலாம்தான், ஆனா மூளைக்குள்ள நடக்குறது அதை விட எவ்வளவோ சுவாரசியம்.

முதல்ல வயசுக் கணக்கு. 1879லயே லண்டன்ல பிரான்சிஸ் கால்டன்ங்கற விஞ்ஞானி தன்னை வச்சே ஒரு சோதனை பண்ணாரு, ஒரு வார்த்தையை பாக்குறது, உடனே மனசுல என்ன வருதுன்னு எழுதுறது. ஐம்பது வயசு தாண்டின அவருக்கு வந்ததுல பெரிய பங்கு சின்ன வயசு, வாலிப வயசு விஷயங்கள். நூறு வருஷத்துக்கு அப்புறம், 1980கள்ல, டேவிட் ரூபின்ங்கற மனவியல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் பல ஆய்வுகளை ஒண்ணா சேத்து பாத்தப்ப ஒரு தெளிவான வடிவம் கிடைச்சுது: நாப்பது வயசு தாண்டினவங்களை பழைய ஞாபகம் கேட்டா, சுமார் 10ல இருந்து 30 வயசு வரைக்கும் நடந்தது மட்டும் ஒரு மேடு மாதிரி தூக்கிட்டு நிக்கும். மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது பெரும்பாலானவங்களுக்கு சுத்தமா இருக்காது. அந்த மேடு ஏன் வருதுன்னு இன்னும் விவாதம் ஓடுது, முதல் வேலை, முதல் காதல்னு முதல் தடவை நடக்குற விஷயங்கள் அந்த வயசுல குவியறது ஒரு காரணம், நான் யாருங்கற எண்ணமே அப்பதான் உருவாகுதுங்கறது இன்னொண்ணு.

டைன்ஹாமுக்கு இதை பொருத்தி பாருங்க. ஊர் பள்ளிக்கூடத்தை பிள்ளைங்க குறைஞ்சு போனதால 1932லயே மூடிட்டாங்க, அப்ப அங்க கடைசியா படிச்ச ஏழு வயசு பிள்ளைக்கு ஊரை விட்டு போறப்ப பதினெட்டு வயசு. மேடு ஏறிட்டிருக்குற நேரத்துல ஊரே அறுந்து போச்சு.

வீடு மாறுறதுக்கே தனி விளைவு இருக்கு. 2016ல அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துல, வயசானவங்ககிட்ட நடு வயசுல நடந்த முக்கியமான சம்பவங்களை கேட்டாங்க, வந்த ஞாபகங்கள் வீடு மாறின வருஷங்களை சுத்தியே கும்பலா இருந்துச்சு. ஒரே வீட்டுல முப்பது வருஷம் இருந்தா நாளெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு கலந்துடும், மாறினா முன்னாடி பின்னாடின்னு கோடு விழும். அப்புறம் வேற வேற வருஷத்து தெருவும் வந்து குழப்பாது. சாதாரண ஊர்ல வளந்தவருக்கு பழைய கடை மேல புது கடை, புது கடை மேல இன்னொண்ணுன்னு அடுக்கிட்டே போகும், டைன்ஹாம்காரருக்கு அந்த அடுக்கே கிடையாது, அவருக்கு அந்த போஸ்ட் ஆபீஸ் 1943லயே நிக்குது.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச பகுதி இடம்தான். 1971ல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஜான் ஓகீஃப்பும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியோட மூளையில ஹிப்போகாம்பஸ்ங்கற பகுதியில ஒரு வினோதமான செல் வகையை கண்டுபிடிச்சாங்க, எலி கூண்டுல ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தா ஒரு செல் துடிக்கும், வேற இடத்துக்கு போனா வேற செல். 2014ல ஓகீஃப்புக்கு நோபல் பரிசு கிடைச்சது இதுக்குத்தான். இதே ஹிப்போகாம்பஸ்தான் நம்ம வாழ்க்கை சம்பவங்களையும் பதிய வைக்குது, அதாவது எங்கங்கறதும் என்னங்கறதும் ஒரே பட்டறையில தயாராகுது. அதனால சின்ன ஊர்ல வளந்தவங்களுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலும் ஒரு பிடி. சர்ச், பள்ளிக்கூடம், கீழ வொர்பரோ விரிகுடாவுக்கு இறங்குற பாதைன்னு எல்லாமே நடந்து போற தூரம், அதே பாதையில தினமும் அதே ஆட்கள், மனசுக்குள்ள அந்த பாதையில நடந்தா போதும் ஆட்கள் தானா வந்து நிப்பாங்க.

வாசனை இன்னும் ஆழமா போகும். கண்ணு காது வழியா வர்றது மூளை நடுவுல இருக்குற தலாமஸ்ங்கற பகுதியை தாண்டித்தான் மேல போகும், மூக்கு வழியா வர்றது அந்த சுத்துவழி இல்லாம நேரா உணர்ச்சி சம்பந்தப்பட்ட அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸுக்கு பக்கத்துலயும் போய் சேருது. வாசனையை காட்டி ஞாபகத்தை கேட்ட ஆய்வுகள்ல அந்த மேடே நகர்ந்துடுச்சு, பத்து வயசுக்கு முன்னாடி நடந்ததுதான் அதிகமா வந்துச்சு. கடல்பாசி, வைக்கோல், அடுப்பு புகைன்னு வாசனையிலேயே வளந்த கடலோர கிராமத்து பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சாவின்னு யோசிங்க.

சரி, இந்த ஞாபகம் எல்லாம் அப்படியே உண்மையா? இல்ல, அது யாரோட தப்பும் இல்ல. கேம்பிரிட்ஜ்ல பிரெடெரிக் பார்ட்லெட்ங்கற மனவியல் ஆய்வாளர் ஒரு வட அமெரிக்க பழங்குடி கதையை ஆட்களுக்கு படிக்க கொடுத்து, நாள் கழிச்சு கழிச்சு திரும்ப சொல்லச் சொன்னாரு, அதை 1932ல ஒரு புத்தகத்துல எழுதினாரு. கதை சுருங்கிச்சு, புரியாததெல்லாம் தெரிஞ்சதா மாறிச்சு. ஞாபகங்கறது எடுத்து பாக்குற போட்டோ இல்ல, ஒவ்வொரு தடவையும் புதுசா கட்டுறதுன்னு அவர் சொன்னது இன்னிக்கும் நிக்குது. 2000ல கரீம் நாடர்ங்கற மூளை ஆய்வாளர் எலிகள்கிட்ட செஞ்ச சோதனையும் அந்தப் பக்கம்தான் காட்டுச்சு, பழைய பய ஞாபகத்தை மறுபடி எழுப்பினா அது கொஞ்ச நேரம் இளகிடுது, திரும்ப கெட்டியாக மூளை புதுசா புரதம் தயாரிக்கணும். இளகி இருக்கும்போது மாற வாய்ப்பு இருக்கு.

கூடவே இன்னொண்ணு, கெட்ட அனுபவத்தோட வலி நல்ல அனுபவத்தோட சந்தோஷத்தை விட சீக்கிரம் மங்கும். சம்பவம் ஞாபகம் இருக்கும், குத்து மட்டும் குறையும். டைன்ஹாம்ல வாழ்க்கை லேசு இல்ல, கரண்ட் இல்ல, குழாய் தண்ணி வீட்டுக்குள்ள இல்ல. வீடுகளும் பெரும்பாலும் எஸ்டேட்டுக்கு சொந்தம், குடியிருந்தவங்க வாடகைக்காரங்க, அதனால கிளம்பும்போது தோட்டத்து காய்கறிக்கு மட்டும்தான் நஷ்டஈடு. இதையெல்லாம் அவங்க மறைக்கல, வாளி தூக்குன கை வலி அறுபது வருஷத்துல கரைஞ்சுடுச்சு, தண்ணி பிடிக்கற இடத்துல பக்கத்து வீட்டு பிள்ளையோட பேசுனது கரையல, அவ்வளவுதான். எப்பவும் வெயில் அடிச்ச மாதிரி சொல்றாங்களேன்னு அவங்களை குறை சொல்றது எனக்கு நியாயமா படல.

1688ல ஜோகன்னஸ் ஹோஃபர்ங்கற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாவே எழுதினாரு. இன்னிக்கு சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்துல கான்ஸ்டன்டைன் செடிகிடெஸும் டிம் வைல்ட்ஷட்டும் பல வருஷமா இதை ஆராய்ஞ்சு தலைகீழா சொல்றாங்க: தனிமையா இருக்கும்போது ஏக்கம் தானா எழும்புது, எழும்பினதும் நமக்கும் ஆள் இருக்காங்கங்கற உணர்வு கூடுது. ஊர் திரும்ப கிடைக்காதவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

உங்க வீட்டு பெரியவங்க வளந்த ஊரை பதிவு பண்ணணும்னு இருந்தா இதை வச்சே செய்யலாம். அந்த காலத்துல எப்படி இருந்துச்சுன்னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். வீட்டு வாசல்ல நிக்க வைங்க, இடது பக்கம் யாரு வீடு, அடுத்தது என்ன, அங்க என்ன வாசனை வரும்னு தெருமுனை வரைக்கும் கேட்டுட்டே போங்க. நடுவுல திருத்தாதீங்க. நீங்க ஒரு விவரத்தை எடுத்துக் கொடுத்தா அடுத்த தடவை அது அவங்க ஞாபகமாவே வந்துடும்.